சதர்ன் ரிட்ஜஸ் காட்டு நடை: முட்டிவலி இருக்கவங்களும் போலாமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

போன தடவை அம்மா மன்னார்குடியிலேர்ந்து சிங்கப்பூர் வந்தப்போ இங்க இருக்க ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்துல உக்காந்து எடுத்த போட்டோவை குடும்ப வாட்ஸ்அப்ல போட்டேன். அதுலேர்ந்து ஒரே கேள்வி. முட்டி ஆபரேஷன் பண்ணவங்க எப்படி மலை ஏறுனாங்க, எந்த ஸ்டேஷன்ல இறங்கணும், குரங்கு கடிக்குமா, எவ்ளோ காசு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா இங்க எழுதி வச்சுடுறேன், இனிமே கேக்குறவங்களுக்கு இதையே அனுப்பிடுவேன்.

இது எங்க இருக்கு? சிங்கப்பூர்ல ஏது மலை?

மலைன்னா ஊட்டி கொடைக்கானலை நினைச்சுக்காதீங்க. தெற்குக் கரையோரமா மேடு மேடா ஒரு வரிசை போகுது, அதுல இருக்க பூங்காவையெல்லாம் பாலம் போட்டு இணைச்சு வச்சிருக்காங்க, அதுக்குப் பேரு சதர்ன் ரிட்ஜஸ். மவுண்ட் ஃபேபர், தெலோக் பிளாங்கா ஹில், ஹார்ட்பார்க், கென்ட் ரிட்ஜ், லாப்ரடார் எல்லாம் சேந்து மொத்தம் 10 கிலோமீட்டர் வரும். 10 கிலோமீட்டரையும் நடக்கச் சொல்லல. நான் சொல்றது நடுவுல இருக்க ஒரு துண்டுதான், ஹார்ட்பார்க்லேர்ந்து ஃபாரஸ்ட் வாக் வழியா ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் வரைக்கும், தெம்பு இருந்தா அப்படியே மவுண்ட் ஃபேபர் உச்சி வரைக்கும். அந்த உச்சியே 100 மீட்டர் சொச்சம்தான். டிக்கெட் கிடையாது, முழுக்க இலவசம்.

எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்? எல்லாரும் ஹார்பர்ஃபிரன்ட்னு சொல்றாங்களே?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒழுங்கா பதில் தெரிஞ்சா போதும், மிச்சமெல்லாம் சும்மா. ஹார்பர்ஃபிரன்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்ல இறங்குனா எதிர்லயே மராங் டிரெயில்னு ஒரு வழி மேல போகும், மேப்ல பாத்தா குட்டியூண்டு தூரம், ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, அதனால எல்லாரும் அங்கேர்ந்து ஆரம்பிக்கிறாங்க. அது பூரா படி. அதுவும் செங்குத்தா போகும். நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல சாயங்காலம் 4 மணி புழுக்கத்துல அந்தப் படியில ஏறி, பாதியிலயே சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டு, ஒரு கல்லு மேல உக்காந்து, இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு முடிவு பண்ணேன். அப்படியே ரெண்டு வருஷம் போவல. அப்புறம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒரு மலாய் அக்கா சொல்லித்தான் தெரிஞ்சுது, மறுமுனையிலேர்ந்து வந்தா படியே இல்லாம ஏறலாம்னு.

அதனால சர்க்கிள் லைன்ல லாப்ரடார் பார்க் ஸ்டேஷன்ல இறங்குங்க. அலெக்சாண்ட்ரா ரோடு ஓரமா ஒரு 10 நிமிஷ நடை. ரோட்டு மேல வளைஞ்சு நிக்குற ஒரு பாலம் தெரியும், அதான் அலெக்சாண்ட்ரா ஆர்ச், நீளம் 80 மீட்டர். ரோட்டுலேர்ந்து நேரா அதுக்கு ஏற படி இருக்கு, படி வேணாம்னா ஹார்ட்பார்க்குக்குள்ள போயி அங்கேர்ந்து பாலத்துல ஏறுங்க. டாக்சியில வர்றவங்க ஹார்ட்பார்க், 33 ஹைதராபாத் ரோடுன்னு சொன்னா போதும் (ஆமா, ஹைதராபாத் ரோடுதான், பிரிட்டிஷ் பட்டாளம் இருந்த காலத்துப் பேரு, பக்கத்துல பிரியாணி கிடைக்குமான்னு கேக்காதீங்க).

மொத்தம் எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம் ஆகும்?

ஹார்ட்பார்க்லேர்ந்து மவுண்ட் ஃபேபர் தாண்டி ஹார்பர்ஃபிரன்ட்ல இறங்குற வரைக்கும் 4லேர்ந்து 5 கிலோமீட்டர். சின்னப் பசங்க ஒன்றரை மணி நேரத்துல முடிச்சுடுவாங்க. நானும் அம்மாவும் ஹெண்டர்சன் வேவ்ஸ் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம் ஆச்சு, ஏன்னா அம்மா வழியில பாக்குற ஒவ்வொரு மரத்துக்கும் நம்மூர்ப் பேரு என்னன்னு கண்டுபிடிக்காம நகரல.

ஏறும்போது மூச்சு வாங்குமா? ஏத்தமே தெரியாதுங்கிறாங்க, நம்பலாமா?

ஃபாரஸ்ட் வாக்ல நம்பலாம். அது தரையில போற பாதை இல்ல, காட்டுக்கு நடுவுல தூண் நட்டு இரும்புல போட்ட நடைபாதை, நீளம் 1.3 கிலோமீட்டர். நேரா போனா கொஞ்ச தூரம்தான், ஆனா ஏத்தம் தெரியக்கூடாதுன்னே பாம்பு மாதிரி வளைச்சு வளைச்சு கொண்டு போயிருக்காங்க. இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவைன்னு போயிட்டே இருப்பீங்க, திடீர்னு கீழ பாத்தா நீங்க அஞ்சு நிமிஷம் முன்னாடி நடந்த பாதை காலுக்குக் கீழ தெரியும். அவசரக்காரங்களுக்கு இது எரிச்சலா இருக்கும். என் மச்சான் ஒருத்தன் "என்னடா, போன எடத்துக்கே திரும்பத் திரும்பப் போறோம்"னு புலம்பிட்டே வந்தான். ஆனா அந்த வளைவுதான் முட்டியைக் காப்பாத்துது.

ஃபாரஸ்ட் வாக் முடிஞ்சதும் தெலோக் பிளாங்கா ஹில் பக்கம் சாதாரண நடைபாதை, அங்க லேசா ஏத்த இறக்கம் தெரியும். ஹெண்டர்சன் வேவ்ஸ் தாண்டி மவுண்ட் ஃபேபர் ஏறுற பகுதியிலதான் கொஞ்சம் மூச்சு வாங்கும். அம்மாவை நான் அதுக்கு மேல கூட்டிட்டுப் போவல.

வீல்சேர், குழந்தை வண்டி கொண்டு போலாமா?

ஃபாரஸ்ட் வாக் மேம்பாதை அவங்களையும் நினைச்சுத்தான் கட்டுனது, தாராளமா போலாம். ஒரு விஷயம் மட்டும் சொல்லிடுறேன். தரை முழுசா இரும்புக் கம்பி வலை, சின்னச் சக்கரம் வச்ச மடக்கு வண்டியா இருந்தா கடகடன்னு ஆடிட்டே போகும், தூங்குற குழந்தை முழிச்சுக்கும். பெரிய சக்கரம்னா பிரச்சனை இல்ல. வீல்சேரைத் தள்ளுறதுக்கு கை பலமா ஒரு ஆள் வேணும், மெதுவான ஏத்தம்னாலும் 1.3 கிலோமீட்டர் தள்ளிட்டே போறது சும்மா இல்ல. அவங்களை ஹெண்டர்சன் வேவ்ஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போயி, வந்த வழியே திரும்புங்க. இல்லன்னா தெலோக் பிளாங்கா கிரீன் ரோட்டுக்கு கிராப் (ஆப்ல கூப்பிடுற டாக்சி) வரவச்சு ஏறிக்கலாம், மலை மேல அந்தப் பூங்கா வரைக்கும் வண்டி வரும். மவுண்ட் ஃபேபர் உச்சியும் பாக்கணும்னா அதுக்கும் கார் ரோடு இருக்கு, இன்னொரு நாள் டாக்சியிலயே மேல போயி இறங்குங்க.

செருப்பு போட்டுட்டு வரலாமா?

பேட்டா செருப்புன்னா ஓகே. ஹீல்ஸ் போட்டுட்டு வராதீங்க, கம்பி ஓட்டையில மாட்டும். குடையை ஊணிட்டு நடக்குற பழக்கம் இருந்தாலும் பாத்துக்கோங்க. எங்கம்மா குடையோட முனை ஓட்டைக்குள்ள இறங்கி மாட்டிக்கிச்சு, ரெண்டு பேரும் குனிஞ்சு இழுத்து எடுக்குறதுக்குள்ள பின்னாடி ஓட்டம் ஓடிட்டு வந்த ஒரு சீனத் தாத்தா நின்னு, ஒரு வார்த்தை பேசாம, குடையைப் பிடிச்சு ஒரு திருகு திருகி எடுத்துக் குடுத்துட்டு ஓடிட்டாரு. எத்தனை பேருக்கு எடுத்துக் குடுத்திருக்காரோ.

எனக்கு உயரம்னா பயம். கீழ தெரியுமா?

தெரியும், பொய் சொல்ல மாட்டேன். ஆரம்பத்துல 3 மீட்டர் உயரத்துல இருக்க பாதை சில எடத்துல 18 மீட்டர் வரைக்கும் போகும், வலை வழியா கீழ இருக்க செடி கொடி எல்லாம் தெரியும். ரெண்டு பக்கமும் நல்ல உயரமான கைப்பிடி இருக்கு. என் தங்கச்சி முதல் வளைவு வரைக்கும் என் கையைப் புடிச்சிட்டு வந்தா, அப்புறம் ஒரு அணிலைப் பாத்ததும் கையை விட்டுட்டு போனை எடுத்துட்டா. ரொம்பப் பயம்னா மேம்பாதைக்குக் கீழயே மண்பாதை ஒண்ணு தனியா போகுது, அதுல போங்க. ஆனா அது மழை பேஞ்சா வழுக்கும், மேடு பள்ளம் இருக்கும், வயசானவங்களுக்கு வேணாம்.

காட்டுக்குள்ள அப்படி என்ன இருக்கு? வெறும் மரம்தானே?

வெறும் மரம்தான், ஆனா நீங்க மரத்தோட தலை உயரத்துல நடக்குறீங்க, அதான் விசேஷம். தரையில நடக்கும்போது தண்டும் வேரும்தான் தெரியும். இங்க கிளை நுனி, கொழுந்து, பூ, குருவிக்கூடு எல்லாம் கண்ணுக்கு நேரா வருது. எங்கம்மா சொன்னது, "தென்னை மரம் ஏறுறவனுக்குத்தான்டா இதெல்லாம் தெரியும்."

இது ஆதிகாலத்துக் காடு இல்ல, திரும்ப முளைச்ச காடு. 19ஆம் நூற்றாண்டுல சிங்கப்பூர் பூரா காட்டை வெட்டி கம்பிரும் மிளகும் போட்டாங்க. கம்பிர்னா வெத்தலையோட சேத்துப் போடுற, தோல் பதனிடவும் உதவுற ஒரு துவர்ப்புச் சரக்கு. அதோட இலையைக் காய்ச்சணும், காய்ச்ச விறகு வேணும், விறகுக்கு சுத்தி இருக்க காட்டையும் வெட்டணும். பத்து இருபது வருஷத்துல மண்ணு செத்துப் போயி, தோட்டக்காரங்க விட்டுட்டு அடுத்த எடத்துக்குப் போயிடுவாங்க. அந்தச் சத்தில்லாத மண்ணுலயும் வளர்ற மரங்கதான் இந்த மேட்டுப்பகுதியில மறுபடி கிளம்புச்சு. தியூப் தியூப்னு ஒரு சின்ன மரம், தெம்புசு, அப்புறம் சிம்போ ஆயர்னு தேக்கிலை மாதிரி பெரிய இலையும் பளிச்சுன்னு மஞ்சப் பூவும் இருக்க புதர். தெம்புசு மரம் எப்படி இருக்கும்னு தெரியலன்னா பர்ஸைத் திறந்து 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டோட பின்பக்கம் பாருங்க. அதுல இருக்கது பொட்டானிக் கார்டன்ல நிக்குற மரம், ஆனா இனம் இதேதான்.

காலையில போனா குயில் சத்தம் காதைத் துளைக்கும். நம்மூர்ல குயில் கூவுனா கவிதை, இங்க விடியக்காலையில தூக்கத்தைக் கெடுக்குதுன்னு கம்ப்ளெயின்ட். கைப்பிடியில ஓணான் உக்காந்து தலையாட்டும், மீன்கொத்தி சிலசமயம் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தா இருவாச்சி. நான் போன ஏழெட்டு தடவையில இருவாச்சியை ஒரே ஒரு வாட்டிதான் பாத்தேன், அதுவும் அது பறந்து போனப்புறம் பக்கத்துல நின்னவர் சொல்லி.

குரங்கு தொல்லை இருக்கா?

இருக்கு, நீள வால் குரங்கு. நம்மூர் கோயில் குரங்கு அளவுக்கு ரவுடி இல்ல, ஆனா பிளாஸ்டிக் பை சரசரன்னா சாப்பாடுன்னு நினைச்சுக்கும். வாழைப்பழத்தைக் கையில வச்சுட்டு நடக்காதீங்க, எதையும் முதுகுப்பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துடுங்க. கண்ணுக்குக் கண்ணு முறைக்காம சும்மா நடந்தா அது பாட்டுக்கு இருக்கும். ஊர்லேர்ந்து வர்ற சொந்தக்காரங்களுக்கு முக்கியமா சொல்லி வைங்க, ஆஞ்சநேயர்னு பாசமா பிஸ்கட் நீட்டக் கூடாது. வனவிலங்குக்குத் தீனி போடுறது இங்க சட்டப்படி குத்தம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம். அந்தக் காசுக்கு ஊருக்குக் குடும்பத்தோட போயிட்டு வந்துடலாம்.

ஹெண்டர்சன் வேவ்ஸ்ல என்ன அவ்ளோ விசேஷம்?

ஹெண்டர்சன் ரோட்டுக்கு மேல 36 மீட்டர் உயரத்துல, தெலோக் பிளாங்கா ஹில்லையும் மவுண்ட் ஃபேபரையும் சேக்குற நடைபாலம், நீளம் 274 மீட்டர். 12 மாடி உயரம்னு வச்சுக்கோங்க. 2008ல திறந்தாங்க. பேருக்கேத்த மாதிரி அலை அலையா வளைஞ்சு ஏறி இறங்கும், தரை பூரா பாலாவ்ங்கிற மரப்பலகை. அந்த அலை மேல எழும்புற எடத்துலயெல்லாம் உள்பக்கம் குகை மாதிரி வளைஞ்சு உக்கார இடம் வரும், நிழலும் இருக்கும். அங்க உக்காந்தா ஒரு பக்கம் வீவக புளாக்குங்க (அரசாங்கம் கட்டுன அடுக்குமாடி வீடுங்க), துணி காயப்போட்ட மூங்கில் கம்பு வரைக்கும் தெரியும், இன்னொரு பக்கம் கடலும் கப்பலும். பலகை வெயில்ல சூடேறும், மதியத்துல செருப்பைக் கழட்டிடாதீங்க. ராத்திரி விளக்கு போடுவாங்க, கீழ ரோட்டுல போறவங்க பாக்குறதுக்கும் நல்லாருக்கும்.

அம்மா அந்தப் பலகையில சம்மணம் போட்டு, முட்டி ஆபரேஷன் ஆனவங்க சம்மணம் போடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதை மறந்துட்டு, எலுமிச்சை சாதத்தைத் திறந்தாங்க. நான் தரதரன்னு எழுப்பி பெஞ்சு மாதிரி இருக்க எடத்துல உக்கார வச்சேன்.

உச்சியில என்ன தெரியும்? மவுண்ட் ஃபேபர் வரைக்கும் போகணுமா?

என்னைக் கேட்டா, போகலன்னாலும் நஷ்டமில்ல. ஃபேபர் உச்சியில கெப்பல் துறைமுகம், செந்தோசா தீவு, அதுக்குப் பின்னாடி தெற்குத் தீவுங்க, நகரத்துப் பக்கம் உயரக் கட்டடம் எல்லாம் தெரியும், 3 மீட்டர்ல ஒரு குட்டி மெர்லயனும் (சிங்கத் தலை, மீன் உடம்பு சிலை) நிக்குது. அங்கதான் டூர் பஸ்ஸும் செல்ஃபி கூட்டமும். அமைதியா பாக்கணும்னா தெலோக் பிளாங்கா ஹில் மேல இருக்க டெரஸ் கார்டன், அடுக்கடுக்கா பிறை மாதிரி தோட்டம், சுத்தி எல்லாப் பக்கமும் தெரியும், கல்யாண போட்டோ எடுக்கிற ஜோடியைத் தவிர யாரும் இருக்க மாட்டாங்க. என் ஓட்டு இதுக்குத்தான்.

இந்தப் பேரு கதை மட்டும் சொல்லிடுறேன். இப்போ பக்கத்து மேட்டுக்கு இருக்க தெலோக் பிளாங்கா ஹில்ங்கிற பேருதான் முந்தி மவுண்ட் ஃபேபருக்கு இருந்துச்சு. மலாய்ல தெலோக்னா குடா, பெலாங்கான்னா சட்டி, அதாவது சட்டி மாதிரி வளைஞ்ச கடற்கரை. 1845ல கொடிக்கம்பம் நடுறதுக்காக உச்சிக்கு ரோடு வெட்டுனவரு கேப்டன் சார்லஸ் எட்வர்ட் ஃபேபர், அவரு பேரையே மலைக்கு வச்சுட்டாங்க. அவரு எந்தப் படைன்னு பாத்தா மெட்ராஸ் எஞ்சினியர்ஸ். அப்போ கவர்னரா இருந்த பட்டர்வொர்த்துக்கு மச்சான் முறை வேற. மச்சான் பேருல மலை, நம்ம வீட்டுல மச்சானுக்கு ஒரு டீ போட்டுக் குடுத்தாலே பெருசு.

எந்த நேரத்துல போகணும்?

காலை 7 மணிக்கு. இங்க சூரியன் உதிக்கிறதே 7 மணி வாக்குலதான், வருஷம் பூரா பெருசா மாறாது. 9 மணிக்குள்ள ஹெண்டர்சன் வேவ்ஸ் வந்துடுற மாதிரி வச்சுக்கோங்க, அதுக்கப்புறம் பாலத்துல வெயில் சுள்ளுனு அடிக்கும். சாயங்காலம்னா 5:30க்கு ஆரம்பிச்சா பாலத்துல சூரியன் மறையுறதைப் பாக்கலாம், ஆனா சனி ஞாயிறுல கூட்டம் இருக்கும். மதியத்துக்கு மேல இடி மழை அடிக்கடி வரும், நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் இன்னும் அதிகம். இடி சத்தம் கேட்டா பாலத்துல நிக்காதீங்க, இரும்புப் பாதை, உயரம், ரெண்டும் சேந்தா விளையாட்டு இல்ல. கிளம்புறதுக்கு முன்னாடி தேசியப் பூங்காக் கழகத்தோட அறிவிப்பை ஒரு தடவை பாத்துடுங்க, பராமரிப்புக்காக சிலசமயம் ஏதாவது ஒரு பகுதியை மூடி வச்சிருப்பாங்க.

டாய்லெட், தண்ணி?

ஹார்ட்பார்க்லயே முடிச்சுட்டுக் கிளம்புங்க. ஃபாரஸ்ட் வாக் மேல ஒண்ணும் கிடையாது. அடுத்தது தெலோக் பிளாங்கா ஹில் பூங்கா, அப்புறம் மவுண்ட் ஃபேபர். சுகர் இருக்கவங்க இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கோங்க. தண்ணி ஆளுக்கு ஒரு லிட்டர், நடுவுல கடை இல்ல. கொசு மருந்து காலுல தடவிக்கோங்க, டெங்கி பயம் இங்கயும் உண்டு.

மேலேர்ந்து எப்படி இறங்குறது? கேபிள் கார்ல போலாமா?

மவுண்ட் ஃபேபர் வரைக்கும் போயிட்டீங்கன்னா மூணு வழி. ஒண்ணு நான் திட்டுன அதே மராங் படி, இறங்குறது ஏறுறதைவிட முட்டிக்கு மோசம், வேணாம். ரெண்டாவது டாக்சி. மூணாவது கேபிள் கார், 1974லேர்ந்து ஓடுது, ஹார்பர்ஃபிரன்ட் வழியா கடலைத் தாண்டி செந்தோசா போகும். டிக்கெட் கொஞ்சம் காரம்தான், ஊர்லேர்ந்து வந்தவங்களுக்கு ஒரு தடவை காட்டலாம். 1983ல எண்ணெய் தோண்டுற கப்பலோட கோபுரம் கம்பியில சிக்கி 7 பேர் இறந்துபோன கதையை யாராவது சொல்லி பயமுறுத்துவாங்க, உண்மைதான், அதுக்கப்புறம் கப்பலுக்கு உயரக் கட்டுப்பாடெல்லாம் கடுமையாக்கிட்டாங்க.

கென்ட் ரிட்ஜ் பக்கமும் சேத்துப் போலாமா?

ஒரே நாள்ல வேணாம். அங்கயும் 280 மீட்டருக்கு மரத்தளம் போட்ட கேனபி வாக் இருக்கு, அது முடியுற புக்கிட் சந்து பக்கம்தான் 1942 பிப்ரவரியில மலாய் ரெஜிமென்ட் ஜப்பான்காரனோட கடைசி வரைக்கும் நின்னு சண்டை போட்ட இடம். அதுக்குத் தனியா ஒரு காலை வேளை ஒதுக்குங்க.

முடிச்சுட்டு எங்க சாப்பிடுறது? பக்கத்துல கோயில் இருக்கா?

ஹார்பர்ஃபிரன்ட் பக்கம் இறங்குனா சியா இம் ஃபுட் சென்டர், பிராட்டாவும் (நம்ம பரோட்டாதான்) தே தாரிக்கும் (ஆத்துன பால் டீ) சாப்பிட்டுட்டு நிமிருங்க. விவோசிட்டி மால் ஏசிக்குள்ள போயி பத்து வெள்ளியை விடணும்னா அது உங்க இஷ்டம்.

கோயிலுக்கு டெப்போ ரோடு ஸ்ரீ ருத்ர காளியம்மன், மலைக்கு வடக்குப் பக்கம், டாக்சியில கொஞ்ச நேரம்தான். அந்தக் காலத்துல அலெக்சாண்ட்ரா செங்கல் சூளையில வேலை பாத்த நம்ம ஆளுங்க சூளைக்குள்ளயே வச்சுக் கும்பிட்ட அம்மன், அப்புறம் இடம் மாறி இங்க வந்துச்சு. அம்மா நடையை ஹெண்டர்சன் வேவ்ஸோட நிறுத்திக்கிட்டதுக்கு முட்டி காரணம்னு நான் நினைச்சேன், டாக்சியில ஏறுனதும் "பன்னெண்டு மணிக்குள்ள நடை சாத்திடுவாங்கடா, சீக்கிரம் போகச் சொல்லு"ன்னாங்க.